சுங்கை பூலோவுக்குக் கடல் பார்த்துப் போங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்குக் குடும்பத்தோடு போய்வந்த வாசகர் ஒருவர், “நடக்கச் சுலபம்தான், ஆனால் சேற்றைத் தவிரப் பார்க்க ஒன்றுமில்லை” என்று சென்ற வாரம் இப்பகுதியில் எழுதியிருந்தார். உணவுக்கடை வேண்டும், சைக்கிள் பாதை வேண்டும், இருட்டிய பிறகும் நடக்க விளக்கு வேண்டும் என்று கோரிக்கைகளையும் அடுக்கியிருந்தார். நான் மார்சிலிங்கில் குடியிருப்பவள். அந்தப் பக்கம் அடிக்கடி போகிறவள். அவர் போன நேரம் சரியில்லை, அவ்வளவுதான். இடத்தின்மேல் ஒரு குறையும் இல்லை.

ஜூன் பள்ளி விடுமுறையில், அதுவும் உச்சிவெயிலில் போயிருக்கிறார். ஜூன் மாதத்தில், இங்கே வலசை வரும் கரைப்பறவைகளில் பெரும்பாலானவை சைபீரியாவிலும் அதற்கு அப்பாலும் குஞ்சு பொரித்துக்கொண்டிருக்கும். அவை இங்கே வந்து தங்குவது செப்டம்பர் முதல் மார்ச் வரை. வேடந்தாங்கலுக்குக் கோடையில் போய்விட்டு ஏரி காலியாகக் கிடக்கிறது என்று யாராவது எழுதினால் நாம் சிரிக்க மாட்டோமா?

பருவம் சரியாக அமைந்தாலும் நேரம் பார்க்க வேண்டும். மற்றப் பூங்காக்களுக்கு வெயில் தாழ்ந்ததும் கிளம்பலாம். இங்கே கடலின் ஏற்ற வற்றம்தான் கணக்கு. ஜோகூர் நீரிணையில் நீர் வற்றும்போது மண்டாய்க் கரையில் பெரிய சேற்றுவெளி வெளிப்படுகிறது. புழுவும் நண்டும் சிப்பியும் நிறைந்த அந்த இடத்தில் பறவைகள் பரவி மேயும். நீர் ஏற ஏறக் கால் வைக்க இடமில்லாமல் கூட்டங்கூட்டமாகக் கிளம்பிக் காப்பகத்தின் குளங்களுக்கு வந்துவிடும். இந்தக் குளங்கள் ஒரு காலத்தில் இறால் வளர்த்தவை. மதகுகளைக் கொண்டு அவற்றின் நீர்மட்டத்தை இன்றும் கட்டுப்படுத்துகிறார்கள். அதனால் வெளியே ஓதம், அதாவது கடல்நீர் ஏற்றம், உச்சத்தில் நிற்கும்போதும் உள்ளே பறவைகள் நிற்கச் சேற்றுத்திட்டு இருக்கும். ஓதத்தின் உச்சத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் உட்கார்ந்துகொண்டால், அவை வந்து இறங்குவதையே பார்க்கலாம்.

மரப்பலகையால் அடைத்த மறைவுக் குடில்கள் இதற்கென்றே இருக்கின்றன. குறுகலான திறப்பு வழியாகப் பார்த்தால் பவளக்காலி உள்ளான்கள் ஒற்றைக்காலில் நின்று, காற்று வரும் திசைக்கே எல்லாம் முகம் கொடுத்து உறங்கும். செம்மஞ்சள் நிறக் கால் சேற்றிலும் பளிச்சென்று தெரியும். இன்னொரு காலை இறகுக்குள் இழுத்துக்கொண்டிருக்கும். பொன்னிற உப்புக்கொத்தி நாலடி ஓடும், சட்டென்று நிற்கும், ஒரு கொத்துக் கொத்தும், மறுபடி ஓடும். கீழ்நோக்கி வளைந்த நீண்ட அலகுடைய கோட்டான் (ஆந்தை அல்ல, கரைப்பறவை) நண்டு பிடிப்பதை ஒருமுறை மிக அருகில் பார்த்தேன். வளையிலிருந்து நண்டை இழுத்துப் போட்டு, கால்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழும்வரை உதறி, உடலை மட்டும் அப்படியே விழுங்கிற்று. உதிர்ந்த கால்களைப் பிறகு நிதானமாகப் பொறுக்கித் தின்றது. நண்டுக் குழம்பு வைக்கும் வீட்டில் பிறந்தவளுக்கு அந்தச் சிக்கனம் நன்றாகவே புரிந்தது!

இப்போது அந்தக் கோரிக்கைகளுக்கு வருகிறேன். உறங்கும் கூட்டத்தை ஒருமுறை கிளப்பிவிட்டால், அவை சேர்த்த கொழுப்பில் ஒரு பங்கு வீணாகிறது. அந்தக் கொழுப்பு வெறும் தொந்தி அல்ல, ஊர் திரும்புவதற்கான எரிபொருள். இங்கே கருவி பொருத்திப் பறக்கவிட்ட பவளக்காலிகள் இமயமலையைத் தாண்டித் திபெத்தியப் பீடபூமிக்குப் போவதாக 2020-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அப்படிப்பட்ட விருந்தாளிகளின் தலைமாட்டில் விளக்குப் போட்டு, சைக்கிள் மணி அடிக்கச் சொல்கிறாரா வாசகர்? உணவுக்கடை வந்தால் குரங்குகளும் காகங்களும் முதல் வரிசையில் நிற்கும். சாப்பாடும் சைக்கிளும் வேண்டுமென்றால் ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா இருக்கிறது, சாங்கி இருக்கிறது. நானும் போகிறேன், குறையொன்றும் சொல்ல மாட்டேன்.

காப்பகம் இன்று இருப்பதே எதையும் கட்டாமல் விட்டதால்தான். இப்பகுதியை வேளாண் தொழில்நுட்பப் பூங்காவாக்கத் திட்டம் இருந்தது. 1986-இல் பறவை ஆர்வலர்கள் சிலர் இங்கே வந்திறங்கும் கூட்டங்களைக் கண்டு அரசுக்கு எழுதினார்கள். 1989-இல் இயற்கைப் பூங்கா என அறிவிப்பு வந்தது. 1993 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். 2002-இல் 130 ஹெக்டர் பரப்போடு சட்டப்பாதுகாப்புள்ள காப்பகமாயிற்று. இப்படிப்பட்டவை நாட்டில் நான்கே நான்கு.

நடை எளிதா என்று கேட்கும் என் வயதினருக்கு: எளிதுதான். கிராஞ்சி எம்ஆர்டி நிலையத்திலிருந்து 925 பஸ். கிராஞ்சி நுழைவாயிலில் தொடங்கும் கரையோரப் பாதை 1.3 கிலோமீட்டர். மேடு பள்ளம் அநேகமாகக் கிடையாது, உட்காரவும் இடமுண்டு. எதிரே ஜோகூர் பாருவின் கட்டடங்கள் தெரியும். பெரிய பாலத்தைத் தாண்டினால் வலசைப் பறவைப் பாதை. அது இன்னும் இரண்டு கிலோமீட்டர் சுற்று. முட்டிவலி உள்ளவர்கள் 18 மீட்டர் கண்காணிப்புக் கோபுரத்தைக் கீழே நின்று கும்பிட்டுவிட்டு நகரலாம். காலை 7 முதல் மாலை 7 வரை திறந்திருக்கும், கட்டணம் இல்லை. தண்ணீர் கொண்டுபோங்கள். பாலத்திலிருந்து முதலை தெரிந்தாலும் தெரியும். பாதையை விட்டு இறங்கக் கூடாது என்று பலகையில் எழுதியிருப்பது விளையாட்டுக்கு அல்ல.

புலாவ் உபின் தீவில் உள்ள செக் ஜாவா சதுப்புநிலத்துக்குப் போகிறவர்கள் இந்தக் கணக்கை அப்படியே தலைகீழாக்கிக்கொள்ள வேண்டும். அங்கே நீர் நன்றாக வற்றிய நேரம்தான் நேரம்.

நம்மவர்களைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். சென்ற பருவத்தில் ஒரு குழுவினர் இரண்டு பஸ் நிறைய வந்து இறங்கினார்கள். ஒலிபெருக்கிப் பெட்டியில் பாட்டு, ஒருவர் பெயரை இன்னொருவர் கூவி அழைப்பது, குடிலுக்குள்ளேயே முறுக்குப் பொட்டலம் பிரிப்பது. குளத்தில் இருந்ததெல்லாம் ஒரே வீச்சில் எழுந்து போயிற்று. பிறகு அவர்களும் “ஒன்றுமில்லையே” என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினார்கள். மூத்தோரை வெளியே அழைத்துப்போகும் மன்றங்கள் பத்துப் பேராகப் பிரித்து, வெவ்வேறு நாட்களில் கூட்டிவரட்டும். ஒரு குழுவுக்கு ஒரு தொலைநோக்கி இருந்தால் போதும், கை மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம்.

உங்களிடமும் ஒரு கோரிக்கை உண்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் பெரிதாக இருக்கும் என்பதை நம் வீட்டுச் சுவர் நாட்காட்டியே காட்டிவிடும். ஆனால் மணி தெரியாது, அது நாளுக்கு நாள் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். கடல்துறை, துறைமுக ஆணையம் ஆண்டு முழுமைக்குமான ஓத நேரங்களை முன்கூட்டியே வெளியிடுகிறது. செப்டம்பர் முதல் மார்ச் வரை சனிக்கிழமை இதழில், மறுநாள் ஓதம் எத்தனை மணிக்கு உச்சம் தொடும் என்று ராசிபலனுக்குக் கீழே ஒரு வரி போடுங்கள். காலை எட்டுக்கும் பதினொன்றுக்கும் இடையில் உச்சம் தொடும் ஞாயிறுகளுக்கு மட்டும் போட்டாலும் சரி. இடம் போதவில்லை என்றால் என் ராசிக்கான பலனை எடுத்துவிடலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை.

இப்படிக்கு,
வாசகி,
மார்சிலிங்