ஆடு தின்னாததைக் கஷாயம் வைக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அதிகம் அறியப்படாத மூலிகைகளைக் கல்லூரி மாணவர்கள் ஆராய வேண்டும் என்ற சென்ற இதழ்க் கட்டுரையின் நோக்கம் நல்லது. ஆனால் அதில் ஆடுதின்னாப்பாளையைச் சேர்த்து, வயிற்றுப் பூச்சிக்கு அதன் இலைக் கஷாயத்தையும் சொல்லியிருக்கிறார்கள். இதற்குத் திருத்தம் வெளியிடுங்கள்.

கரிசல் காட்டில் தரையோடு படரும் இந்தச் செடியிலும், வேலியில் ஏறும் ஈச்சுரமூலியிலும் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது. (இந்தச் செடிகளைத் தின்று வளரும் ரோஜா வண்ணத்துப்பூச்சியின் புழு, அந்த நஞ்சை உடலில் சேர்த்துவைத்துத்தான் பறவைகளிடமிருந்து தப்பிக்கிறது.) மனித உடலில் இந்த அமிலம் மாற்றமடைந்து, டி.என்.ஏ.வின் அடிப்படை மூலக்கூறுகளில் ஒன்றான அடினினோடு ஒட்டிக்கொள்ளும். சிறுநீரகம் நார்ப்பிடித்துச் சுருங்கும். சிறுநீர்ப் பாதையில் புற்று வரும். கொதிக்கவைத்தாலும் அழியாது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க மாத்திரை சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்டோரின் சிறுநீரகம் கெட்டது. பெயர்க் குழப்பத்தில் வேறொரு சீன மூலிகைக்குப் பதிலாக இவ்விரு செடிகளும் அடங்கிய அரிஸ்டோலோகியா பேரினத்துச் செடி ஒன்று சேர்ந்துவிட்டதே காரணம். இப்பேரினச் செடிகள் கலந்த மருந்துகள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2002லேயே வகைப்படுத்திவிட்டது.

ஆராய விரும்புகிறவர்கள் முதலில் இந்த அமிலத்தைத் தேட வேண்டும். காய்ந்த இலைத் தூள் 1 கிராமுக்குக் கரைப்பான் 10 மில்லி: ஃபார்மிக் அமிலம் 1 பங்கு, தண்ணீர் 9, மெத்தனால் 40. அல்ட்ராசோனிக் தொட்டியில் 10 நிமிடம் வைத்து வடிகட்டி, கலவையிலுள்ள பொருள்களைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் சிலிக்கா டி.எல்.சி. (மென்படலப் பிரிகை) தகட்டில் புள்ளி வையுங்கள். ஓடவிடும் கலவை ஃபார்மிக் அமிலம், தண்ணீர், எத்தில் அசிட்டேட், டொலுவீன் 3:3:30:60. நன்றாகக் குலுக்கி, பிரிந்து நின்ற பின் மேலடுக்கை மட்டும் எடுக்க வேண்டும். ஃபார்மிக் அமிலத்தை விட்டுவிட்டால் புள்ளி வால்விட்டு இழுபடும். தகடு காய்ந்ததும், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்த 10 சதவீத ஸ்டானஸ் குளோரைடைத் தெளித்து, 100 டிகிரியில் ஒரு நிமிடம் சூடாக்கி, 366 நானோமீட்டர் புற ஊதா விளக்கில் பாருங்கள். அமிலம் இருந்தால் பச்சை கலந்த நீலமாக ஒளிரும். பச்சையம் சிவப்பாக ஒளிர்ந்து கண்ணை ஏமாற்றும் என்பதால், தெளிக்கும் முன்பே ஒருமுறை பார்த்துப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் தூய அமிலத்தின் புள்ளி ஓடாத தகட்டை வைத்து முடிவு எழுதவே கூடாது. அந்தத் தூய அமிலத்தைக் கையுறையோடு, ஃப்யூம் ஹூடுக்குள்தான் (காற்றை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வகக் கூண்டு) கையாள வேண்டும்.

இதைவிடக் கவலை தருவது முடிவுகளைப் படிக்கும் விதம். சாறு புற்றுச் செல்லைக் கொன்றது என்பதை மாணவர்கள் மருத்துவக் குணமாக எழுதிவிடுகிறார்கள். டி.என்.ஏ.வைச் சிதைக்கும் நஞ்சு எந்தச் செல்லைத்தான் விட்டுவைக்கும்? ஒரே ஒரு முறை மருந்து கொடுத்து 14 நாள் கவனித்ததில் எலி சாகவில்லை என்பதும் பாதுகாப்புக்குச் சான்றாகாது. இந்தச் சேதம் வெளியே தெரிய மாதங்களும் வருடங்களும் ஆகும்.

பூச்சிக்கு அல்பெண்டசோல் மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கிறது. கட்டுரையை நம்பி இந்தக் கஷாயம் குடித்துவருகிறவர்கள் இன்றே நிறுத்திவிட்டு, மருத்துவரிடம் சொல்லி ரத்தத்தில் கிரியாட்டினினும் சிறுநீரில் புரதமும் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
தாவர வேதியியல் ஆசிரியர் ஒருவர்,
திருநெல்வேலி.