கதை தெரிந்த படத்தை ஏன் மறுபடி பார்க்க வேண்டும்?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு வாசகர் கடிதம் பகுதியில் ஒரு நண்பர் எழுதியிருந்தார். பழைய ஹாலிவுட் படங்களுக்கு வாரம் ஒரு பக்கம் ஒதுக்குவது வீண் என்றும், கதை தெரிந்த படத்தை யார் உட்கார்ந்து மறுபடி பார்க்கப் போகிறார்கள் என்றும் கேட்டிருந்தார். இதற்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன். நான் விருதுநகர் பக்கம் ஒரு தியேட்டரில் 1971 முதல் 2002 வரை ஆபரேட்டராக இருந்தவன். கதை தெரிந்த படத்தை மறுபடி மறுபடி பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

எங்கள் தியேட்டரில் மேட்னியும் இரவு ஆட்டங்களும் தமிழ்ப் படம். சனி, ஞாயிறு காலைக் காட்சிக்கு மட்டும் இங்கிலீஷ் படம். பெரிய ஊர்களில் ஓடித் தேய்ந்த பிரிண்ட், கீறலும் ஒட்டுமாக, தகரப் பெட்டியில் பஸ் மேல் வந்து இறங்கும். நான் படித்தது எஸ்.எஸ்.எல்.சி. வரைதான். திரையில் வசனத்தை எழுதிக் காட்டும் வழக்கமும் அன்று எங்கள் பக்கம் இல்லை. கேபினுக்குள் மெஷின் சத்தம். கார்பன் குச்சிகள் எரிந்து குறையக் குறைய இடைவெளியைச் சரிசெய்துகொண்டே, சுவரில் உள்ள சின்னக் கண்ணாடி வழியாகப் பார்க்க வேண்டும். அதனால் முதல் தடவை எனக்கு முகங்கள்தான் படம். இரண்டாம் தடவை கொஞ்சம் வார்த்தைகள் பிடிபடும். வருஷம் கழித்து அதே படம் திரும்பி வரும்போது, யார் எதற்காக ஒரு கணம் நின்று பார்க்கிறார்கள் என்பது புரியும். கதை என்பது எனக்குக் கடைசியாகத்தான் வந்து சேர்ந்தது.

நண்பருக்கு நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: கதை வேறு, படம் வேறு. இதை எனக்குக் கற்றுக் கொடுத்தது 'ரோமன் ஹாலிடே'.

1953-ல் வில்லியம் வைலர் எடுத்த படம். அரண்மனைக் கட்டுப்பாடு தாங்காமல் ஓர் இரவு வெளியே நழுவிய இளவரசி, அவளை வைத்துப் பெரிய செய்தி எழுதிக் காசு பார்க்க நினைக்கும் ஒரு பத்திரிகைக்காரன், இருவரும் ரோம் நகரில் சுற்றும் ஒரு நாள். ஆட்ரி ஹெப்பர்னும் கிரிகரி பெக்கும். கடைசியில் இளவரசி நிருபர்களைச் சந்தித்து, கைகுலுக்கி, உள்ளே போய்விடுவாள். அவன் அவளைப் பற்றி ஒரு வரி எழுதப் போவதில்லை என்பது அவளுக்கும் தெரிந்துவிடும். எல்லோரும் கலைந்து போவார்கள். அவன் மட்டும் நிற்பான். அப்புறம் கைகளைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு அந்த நீண்ட மண்டபத்தில் தனியாக நடந்து வருவான். காலடிச் சத்தம் கேட்கும். ஒரு தடவை திரும்பிப் பார்ப்பான். அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

எங்கள் தியேட்டரில் இளவரசி உள்ளே போனதுமே ஜனங்கள் எழுந்துவிடுவார்கள். வெளியே மேட்னிக்குக் கூட்டம் நிற்கும். கீழேயிருந்து கேபினுக்கு மணி அடிப்பார்கள், முடி என்று. நானும் அவன் நடந்து வரும் காட்சியை வெட்டிவிட்டு லைட்டைப் போட்டிருக்கிறேன், ஒரு தடவை அல்ல, பல தடவை. கதைதான் முடிந்துவிட்டதே என்று நினைத்தேன். பிறகு ஒரு ஞாயிறு மணி அடித்தும் நான் கையை வைக்கவில்லை. பாதி வாசலைத் தாண்டிய ஆட்கள் அந்தக் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பி நின்றார்கள். முன் பெஞ்சில் ஒரு பெரியவர் நின்றவர் மறுபடி உட்கார்ந்தார். அந்த ஒரு நிமிஷ நடைக்காகத்தான் அதற்கு முன்னால் உள்ள அத்தனை ரீலும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வெட்டிய நாட்களை நினைத்தால் இப்போதும் மனசு உறுத்துகிறது.

இதே படத்தில் இன்னொன்று. அதன் பெயர்ப் பட்டியலை நான் எத்தனையோ தடவை ஓட்டியிருக்கிறேன். அந்தக் கதையை எழுதிய டால்டன் டிரம்போவின் பெயர் அதில் இருக்காது. கம்யூனிஸ்டா என்று கேட்ட அமெரிக்க நாடாளுமன்றக் குழுவுக்குப் பதில் சொல்ல மறுத்து, அதற்காகச் சிறைக்குப் போய், வேலை கொடுக்கக் கூடாது என்று ஹாலிவுட் ஒதுக்கிய கறுப்புப் பட்டியலில் இருந்தவர் அவர். நண்பர் இயன் மெக்லலன் ஹன்டரின் பெயரில் கதை வெளிவந்தது, ஆஸ்காரும் அந்தப் பெயருக்கே போனது. டிரம்போ 1976-ல் இறந்தார். அவருக்கான விருதை அவர் மனைவியிடம் கொடுத்தது 1993-ல். இதை நான் ஓய்வு பெற்ற பிறகுதான் படித்தேன். படித்துவிட்டு மறுபடி படத்தைப் போட்டேன். தெரிந்த விஷயத்தை வெளியே சொன்னால் பணம், சொல்லாமல் விட்டால் நஷ்டம், அந்தப் பத்திரிகைக்காரன் சொல்லாமல் விடுகிறான். அதை எழுதியவர் யாரையும் காட்டிக் கொடுக்காமல் ஜெயிலுக்குப் போனவர். இருபது தடவைக்கு மேல் பார்த்த படம் அன்று எனக்குப் புதுப் படமாக இருந்தது.

அடுத்தது '12 ஆங்ரி மென்'. 1957-ல் வந்த கறுப்பு வெள்ளைப் படம், 96 நிமிடம். எங்கள் கணக்கில் ஆயிரம் அடி ரீல் ஒன்பதுக்குள் அடங்கிவிடும். ஒரு கல்லூரிக்காரர்கள் தியேட்டரை ஞாயிறு காலை வாடகைக்கு எடுத்துப் போட்டார்கள். பெட்டி செவ்வாய்க்கிழமைதான் திரும்பிப் போக வேண்டும். திங்கள் காலை மெஷின் சர்வீஸ் பார்த்துவிட்டு ஓட்டிப் பார்க்க ஏதாவது ஒரு ரீல் வேண்டும் இல்லையா, முதலாளியிடம் கேட்டு இதையே முழுதாக ஓட்டினேன். காலி நாற்காலிகள், நான் ஒருவன்.

தகப்பனைக் கத்தியால் குத்திக் கொன்றதாக ஒரு பையன் மேல் வழக்கு. வழக்கில் தீர்ப்புச் சொல்லப் பொதுமக்களிலிருந்து எடுத்த பன்னிரண்டு பேர், ஜூரிகள், ஓர் அறைக்குள் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். குற்றவாளி என்றால் மரண தண்டனை. முதல் ஓட்டில் குற்றவாளி என்று பதினொரு பேர், இல்லை என்று ஒருவர். அந்த ஒருவர் ஹென்றி ஃபோண்டா. முடிவு எப்படிப் போகும் என்று யாருக்கும் முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிடும். ஆனால் இயக்குநர் சிட்னி லுமெட் செய்த வேலை முதல் தடவையில் யார் கண்ணிலும் படாது. தொடக்கத்தில் கேமரா ஆட்களின் கண் மட்டத்துக்கு மேலே இருக்கும். நடுவில் கண் மட்டத்துக்கு இறங்கும். கடைசிப் பகுதியில் அதற்கும் கீழே போய்விடும், அறையின் கூரை தெரிய ஆரம்பிக்கும். லென்ஸையும் மாற்றிக்கொண்டே போயிருக்கிறார், சுவர்கள் ஆட்களின் முதுகுக்குப் பின்னால் நெருங்கி வருவது மாதிரி இருக்கும். நமக்கு மூச்சு முட்டும், ஏன் என்று தெரியாது. எல்லோரும் வெளியே வந்து மழையில் நனைந்த படிக்கட்டு அகலமாகத் தெரியும்போது தானாக ஒரு பெருமூச்சு வரும். இது லுமெட்டின் முதல் திரைப்படம் என்பதை இன்றும் என்னால் நம்ப முடியவில்லை.

நான்காவது ஜூரி ஒருவர், ஈ.ஜி. மார்ஷல். கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பார். உங்களுக்கு வேர்க்கவே வேர்க்காதா என்று ஒருவர் கேட்பார், வேர்க்காது என்பார். கொலை நடந்த நேரத்தில் சினிமாவில் இருந்தேன் என்கிற பையனுக்குத் தான் பார்த்த படத்தின் பெயர் ஞாபகம் இல்லை, அதனால் அவன் சொல்வது பொய் என்பது அவர் வாதம். சரி, நீங்கள் சில நாள் முன்னால் என்ன படம் பார்த்தீர்கள் என்று ஃபோண்டா நிதானமாகக் கேட்டுக்கொண்டே போவார். மார்ஷல் ஒரு பெயரைத் தப்பாகச் சொல்வார். அப்போது அந்த நெற்றியில் முதல் தடவையாக வேர்வை. கைக்குட்டையை எடுத்துத் துடைப்பார். வாதத்தில் அவர் தோற்றுவிட்டதை வசனத்துக்கு முன்னால் நெற்றி சொல்லிவிடும். ஃபேன் இன்னொன்று. ஆரம்பத்தில் ஒருவர் எத்தனை முயன்றாலும் ஓடாது. மழை இருட்டு வந்து லைட்டைப் போட்ட பிறகு ஓட ஆரம்பிக்கும், இரண்டுக்கும் ஒரே சுவிட்ச். ஓர் ஃபேனை வைத்துக்கூட ஒரு படத்தில் காற்று மாறுவதைக் காட்டலாம் என்று அந்தத் திங்கட்கிழமை கற்றுக்கொண்டேன்.

'காஸாபிளாங்கா' எனக்குத் தாமதமாகத்தான் பிடித்தது. பேச்சு அதிகம், எல்லாம் வேகம். ஆனால் அதில் ஒரு பாட்டுக் காட்சி உண்டு. ரிக்கின் விடுதியில் ஜெர்மன் அதிகாரிகள் தங்கள் பாட்டைச் சத்தமாகப் பாடுவார்கள். நாஜிகளை எதிர்த்துப் போராடும் லாஸ்லோ இறங்கி வந்து வாத்தியக்காரர்களிடம் பிரெஞ்சு தேசிய கீதத்தை வாசிக்கச் சொல்வான். அவர்கள் முதலாளியைப் பார்ப்பார்கள். ரிக்காக வரும் ஹம்ஃப்ரி போகார்ட் லேசாகத் தலையசைப்பார், அவ்வளவுதான். விடுதி முழுக்க எழுந்து பாடும். சற்று முன்னால் ஒரு ஜெர்மன் சிப்பாயின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த இவான் என்ற பெண் கண்ணீரோடு பாடுவாள். அவளாக நடித்த மாதலின் லெபோ 1940-ல் ஜெர்மன் படை வந்தபோது கணவரோடு பாரிஸை விட்டு ஓடியவர், லிஸ்பன் வழியாக. கையில் இருந்த விசா போலி என்று தெரிந்து நடுவழியில் மெக்சிகோவில் மாட்டிக்கொண்டவர். அந்தக் கணவர் மார்செல் தாலியோவும் இதே படத்தில் சூதாட்ட மேசைக்காரராக வருகிறார். பெயர் போட்ட நடிகர்களில் அமெரிக்காவில் பிறந்தவர்கள் மூன்றே பேர். படம் எடுத்தது 1942-ல், பாரிஸ் விடுதலையாக இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. போர் எப்படி முடியும் என்று அந்த அறையில் இருந்த யாருக்கும் தெரியாது. அந்தப் பெண்ணின் முகத்தில் இருப்பதை நடிப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

'பென்ஹர்' பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் ஒன்று மட்டும் சொல்கிறேன். தேர்ப் பந்தயத்துக்கு முன்னால் அணிவகுப்பில் இசை முழங்கும். பந்தயம் தொடங்கியதும் இசையே கிடையாது. முதல் காட்சியில் நான் பயந்துபோய் சவுண்டைக் கையால் தட்டிப் பார்த்தேன். பிறகுதான் புரிந்தது, குளம்புச் சத்தமும் சக்கரமும் கூட்டத்தின் கூச்சலும்தான் அங்கே இசை. அடுத்த காட்சிகளில் அந்த இடத்தில் சத்தத்தை இரண்டு புள்ளி கூட்டி வைப்பேன். இந்தப் படத்தைப் பழைய டி.வி.யில் இரண்டு பக்கமும் வெட்டிக் காட்டுவார்கள். அத்தனை அகலமாக எடுத்த படத்தில் குதிரைகளையே வெட்டிவிட்டால் என்ன மிஞ்சும்?

பழைய படம் எல்லாமே திரும்பப் பார்க்கத் தகுந்தது என்று நான் சொல்லவில்லை. 'கான் வித் தி விண்ட்' எனக்கு ஒரு காலத்தில் மிகவும் பிடித்த படம். திரும்பத் திரும்பப் பார்த்தபோது, அடிமைகளாக இருந்தவர்களை அதில் எவ்வளவு சுலபமாகச் சிரிப்புக்கும் விசுவாசத்துக்கும் மட்டும் வைத்துவிட்டார்கள் என்பது உறைத்தது. அதில் நடித்து ஆஸ்கார் வாங்கிய முதல் கறுப்பினத்தவர் ஹாட்டி மெக்டானியல். அந்த 1940-ம் வருஷ விழாவில் அவரைத் தன் சக நடிகர்களோடு உட்கார விடாமல் தனி மேசையில் உட்கார வைத்தார்கள். இப்போது அந்தப் படத்தில் நான் அவரை மட்டுமே பார்க்கிறேன். இதுவும் மறுபடி பார்ப்பதால் கிடைத்ததுதான்.

போன மாதம் ஒன்பது வயதுப் பேத்திக்கு 'சிட்டி லைட்ஸ்' போட்டேன். பேசும் படம் வந்து சில வருஷம் ஆன பிறகும், 1931-ல் சாப்ளின் பேச்சில்லாமல் எடுத்தது. பார்வையில்லாத பூக்காரப் பெண், சாப்ளின் நடிக்கும் ஏழையைப் பணக்காரன் என்று நினைக்க வேண்டும், அதைச் சத்தமில்லாத படத்தில் எப்படிக் காட்டுவது? கார்க் கதவு சாத்தப்படுவதை வைத்துக் காட்டினார். அந்த ஒரு காட்சியை 342 தடவை எடுத்தார் என்று சொல்வார்கள். கடைசியில் பார்வை கிடைத்த அந்தப் பெண், கிழிந்த சட்டையோடு நிற்பவனின் கையைத் தொட்டதும் அடையாளம் கண்டுகொள்வாள். பேத்தி ஒன்றும் பேசவில்லை. தாத்தா, அந்தக் கையை மட்டும் இன்னொரு வாட்டி போடுங்க என்றாள். மூன்று தடவை போட்டேன்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தப் பக்கத்தை நிறுத்திவிடாதீர்கள். படத்தின் கதைச் சுருக்கத்தைக் குறைத்துக்கொண்டு, படம் எத்தனை நிமிடம் என்பதைப் போடுங்கள். வெட்டிய பிரதியைப் பார்க்கிறோமா, முழுதாகப் பார்க்கிறோமா என்று வாசகர் தெரிந்துகொள்ள அது உதவும். கறுப்பு வெள்ளையில் எடுத்ததற்கு யாராவது வர்ணம் பூசியிருந்தால் அதையும் எழுதுங்கள்.

கேள்வி கேட்ட நண்பருக்கும் ஒன்று. '12 ஆங்ரி மென்' படத்தை ஏற்கெனவே பார்த்திருந்தால் இந்த ஞாயிறு இன்னொரு தடவை போடுங்கள். சாட்சி சொன்ன பெண்ணின் மூக்கில் கண்ணாடி போட்ட தழும்பு இருந்தது என்று கிழவர் ஒருவர் கடைசியில் கண்டுபிடிப்பார் அல்லவா? அதற்கு முன்னால் அந்த நான்காவது ஜூரி தன் கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்துக்கொள்வார். அந்த இடத்தில் அவர் கையை மட்டும் பாருங்கள். பிறகு எனக்கு இதே பகுதியில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தியேட்டர் ஆபரேட்டர்,
விருதுநகர் மாவட்டம்.