கோழியின் வாலைத் தூக்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோழிக்கழிச்சல் என்கிற வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான தடுப்பூசி முகாம் பற்றிய அறிவிப்பைத் தங்கள் நாளிதழில் பார்த்தேன். பிப்ரவரி வாக்கில் நடக்கும் இந்த முகாமுக்கு எங்கள் பாலக்கோடு பக்கத்துக் கிராமங்களில் இப்போது நல்ல கூட்டம் வருகிறது. எட்டு வாரம் தாண்டிய கோழிக்கு இறக்கையடியில் ஊசி போட்டுவிட வேண்டும் என்பது பெண்களுக்கு நன்றாகப் புரிந்துவிட்டது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்த விழிப்போடு கூடவே ஒரு அவசரமும் வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எந்தக் கோழிக்குப் பின்புற இறகு நனைந்து அழுக்காக இருந்தாலும் "கழிச்சல் வந்துடுச்சு" என்று உடனே முடிவுகட்டிவிடுகிறார்கள். அன்றைக்கே அறுத்துக் குழம்பு வைக்கிறார்கள். இல்லையென்றால் செவ்வாய்க்கிழமை நல்லம்பள்ளிச் சந்தைக்கு மற்ற கோழிகளோடு காலைக் கட்டி அனுப்பிவிடுகிறார்கள். இரண்டுக்கும் மனமில்லாதவர்கள் மருந்துக்கடையில் நமக்குத் தரும் கேப்சூலை வாங்கி, பிரித்துத் தண்ணீரில் கொட்டி, சீக்கு வந்த கோழி, வராத கோழி எல்லாவற்றுக்கும் வைக்கிறார்கள். முட்டையிடும் நாட்டுப் பெட்டை ஒன்று நூறுநாள் வேலையின் ஒருநாள் கூலிக்கு மேல் விலை போகிற காலம் இது. வாலைத் தூக்கி ஒரு நிமிடம் பார்க்கக் கூடாதா?

நான் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள். புண்ணைக் கழுவிக் கட்டியே வேலைக்காலம் போனது. இப்போது வீட்டுக்குப் பின்னால் கோழி வளர்க்கிறேன். பழக்க தோஷத்தால் ஊரில் யார் கோழிக்கு என்ன ஆனாலும் "நர்சம்மா, இதையும் கொஞ்சம் பாருங்க" என்று கூடையோடு வந்து நிற்கிறார்கள். நான் கால்நடை மருத்துவர் இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் பார்ப்பேன். அப்படிப் பார்த்ததில் கழிச்சல் என்று கொண்டுவரும் கோழிகள் பலவற்றுக்கு ஆசனவாயில் புண்ணோ, கிழிசலோ, பூஞ்சையோதான் இருக்கிறது. கழுவி, தனியே வைத்து, பொறுமையாகப் பார்த்தால் தேறக்கூடியவை அவை.

வெள்ளைக்கழிச்சல் என்றால் ஒரு கோழியோடு நிற்காது. பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், கோழி மூச்சுக்கு வாய் பிளக்கும், கழுத்து திருகிக்கொள்ளும், பக்கத்து வீட்டுக் கோழியும் சாகும். ஒரே ஒரு பெட்டை மட்டும் மந்தமாக நின்று, பின்புறம் மட்டும் நனைந்து நாறினால் வேறு காரணத்தைத் தேட வேண்டும். அப்புறம் இன்னொன்று. "உடம்பு கொதிக்குது" என்று காய்ச்சல் மாத்திரை கேட்டு வருகிறார்கள். கோழியின் இயல்பான உடல் சூடே 41 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். நம் கைக்கு எப்போதும் அது கொதிக்கத்தான் செய்யும். மாத்திரை வேண்டாம்.

பார்க்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். பொழுது சாய்ந்து கூண்டில் அடைந்த பிறகு எடுத்தால் கோழி திமிறாது. பழைய துண்டில் இறக்கையோடு சேர்த்துச் சுற்றி, தலையை அக்குளுக்குள் விட்டு, வாலை மேலே ஒதுக்க வேண்டும். மல்லாக்கப் போட்டு அமுக்கிப் பிடித்தால் அதற்கு மூச்சு முட்டும். முட்டையும் எச்சமும் வெளியே வருவது ஒரே வாய் வழியாகத்தான். முட்டையிடும் பெட்டைக்கு அந்த வாய் அகலமாக, ஈரமாக, வெளிறியிருக்கும். முட்டையிடாததற்குச் சுருங்கி வறண்டிருக்கும். அதைச் சுற்றிய இறகை ஒதுக்கிவிட்டுத் தோலைப் பாருங்கள். இறகின் அடியில் வெள்ளையாகக் கொத்துக்கொத்தாக ஒட்டியிருந்தால் அது பேன் முட்டை. கறுப்பாக ஊர்ந்தால் செள்ளு. கோழி அங்கேயே கொத்திக்கொத்திப் புண்ணாக்கிக்கொள்ளும். விறகடுப்புச் சாம்பலையும் காய்ந்த மண்ணையும் கலந்து ஒரு குழியில் போட்டுவையுங்கள். அதில் புரண்டு பாதியை அதுவே உதிர்த்துக்கொள்ளும். கூண்டையும் சுத்தம் செய்யாவிட்டால் இரவில் திரும்ப ஏறிவிடும்.

தயிர்போல வெள்ளையாகப் படிந்து புளித்த வாடை வந்தால் பெரும்பாலும் பூஞ்சை. கைக்குழந்தை நாக்கில் வெள்ளையாகப் படிகிறதே, பெண்களுக்கு அரிப்போடு வெள்ளைப்படுதல் வருகிறதே, அந்த இனத்துப் பூஞ்சையேதான் கோழிக்கும் வருகிறது. பூசணம் பிடித்த மக்காச்சோளமும், நாள்கணக்கில் மாற்றாத தண்ணீரும் இதற்கு வழிவிடும். இந்தக் கோழிக்கு மேற்படி கேப்சூலைக் கரைத்து ஊற்றினால் நோய் கூடும், குறையாது. அது பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து. பூஞ்சைக்குப் போட்டியே இல்லாமல் போய்விடும். பூஞ்சைக்கான களிம்பு எது, எவ்வளவு என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் போடுவதுதான் சரி. அதுவரை இறகைக் கத்தரித்து, கழுவி, உலர்த்தி, தீவனத்தையும் தண்ணீரையும் மாற்றிவைத்தாலே பாதி வேலை முடிந்தது.

முதல்முறை முட்டையிடும் வெடைக்கோழிக்கு ஓட்டில் ரத்தக்கோடு இருந்தால் லேசான கிழிசலாக இருக்கும், தானே ஆறும். ஆனால் சிவப்பாகச் சதை வெளியே தள்ளி நின்றால் அன்றைக்கே கவனிக்க வேண்டும். மற்ற கோழிகள் சிவப்பைக் கண்டால் விடாது. கொத்திக்கொத்திக் குடலையே இழுத்துவிடும். ஆகவே முதல் வேலை, அதைத் தனியே பஞ்சாரக் கூடைக்குள் கவிழ்ப்பது. கொதித்து ஆறிய அரை லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஒரு டீஸ்பூன் உப்பு கலந்து, வெதுவெதுப்பாக, பஞ்சு வைத்துத் தேய்க்காமல் ஊற்றிக் கழுவுங்கள். வீக்கம் அதிகமாக இருந்தால் சதையின் மேல் சர்க்கரையைத் தூவிக் கொஞ்சநேரம் விடலாம். அது நீரை இழுத்துக்கொள்ளச் சதை சுருங்கும். மீண்டும் கழுவிவிட்டு, நகம் வெட்டிய சுத்தமான விரலை நனைத்து, மெல்ல உள்ளே தள்ளிச் சில நிமிடம் அப்படியே பிடித்திருங்கள். திரும்ப வெளியே வரும். திரும்பத் தள்ள வேண்டும். சலிப்பான வேலைதான். பஞ்சாரத்தின் மேல் சாக்கைப் போட்டுப் பகலில் பெரும்பகுதி இருட்டாக வைத்தால் முட்டையிடுவது நிற்கும், சதைக்கு ஓய்வு கிடைக்கும். சதை கறுத்து நாறினால் வீட்டு வைத்தியம் வேண்டாம். மருத்துவர்தான் பார்க்க வேண்டும், சில சமயம் அதன் வேதனையை முடித்துவிடுவதே நல்லது என்றும் அவர் சொல்லக்கூடும். சோறாகவே தின்று கொழுத்த கோழிக்கும், சுண்ணாம்புச் சத்து குறைந்த கோழிக்கும் இது அதிகம் வருகிறது. நம் பக்கத்துக் கேழ்வரகில் அந்தச் சத்து நிறைய உண்டு. முட்டை ஓட்டையும் காயவைத்து நொறுக்கிப் போடலாம்.

முட்டை உள்ளேயே மாட்டிக்கொண்டு கோழி நிமிர்ந்து நின்று முக்கினால், வயிறு வரை வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு கால்மணி நேரம் உட்காரவையுங்கள். உள்ளேயே முட்டையை உடைத்து எடுக்கப் பார்க்காதீர்கள். ஓட்டின் முனை உள்ளே கிழித்துவிடும்.

புழு விஷயத்தைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். மாங்காய் சீசனில் தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களிலும் ஈத்தொல்லை எப்படி என்பதைத் தங்கள் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தோப்பில் அழுகிக் கிடக்கும் பழம், விலை போகாமல் ரோட்டோரம் கொட்டிய தக்காளி, அதோடு கோழிப் பண்ணைகள். பின்புறம் ஈரமாக இருக்கும் கோழியில் ஈ முட்டை வைத்தால் வெயில் காலத்தில் ஒரே நாளில் புழுவாகிவிடும். மேலே பார்த்தால் நாலைந்து புழு தெரியும். இறகை வெட்டிவிட்டுப் பார்த்தால்தான் தோலுக்கடியில் பை போலக் குடைந்துகொண்டு போயிருப்பது தெரியும். உடனே ஃபினாயில், மண்ணெண்ணெய், டர்பன்டைன், பாச்சா உருண்டைத் தூள் என்று கையில் கிடைத்ததை ஊற்றுகிறார்கள். மாட்டின் தோல் வேறு, கோழியின் தோல் வேறு. காகிதம்போல மெல்லிய அந்தத் தோல் வெந்துபோகும், மருந்தும் உடம்பில் ஏறும். புழு செத்த பின்னால் கோழியும் சாகிறது. சாவுக்குப் பழி மட்டும் புழுவின் மேல்.

செய்ய வேண்டியது சாதாரணமானது. நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து, சிறு கத்தரிக்கோலால் புண்ணைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு இறகை நறுக்குங்கள், பிடுங்க வேண்டாம். ஊசி இல்லாத சிரிஞ்சில் அதே உப்புநீரை எடுத்துக் குழிக்குள் பீய்ச்சினால் புழுக்கள் மூச்சுக்குப் பின்முனையை வெளியே நீட்டும். புருவம் திருத்தும் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துவிடலாம். பீய்ச்சுங்கள், எடுங்கள், மறுபடி பீய்ச்சுங்கள். பிறகு பீட்டாடின் திரவத்தை வெறும் டீ நிறத்துக்கு நீர்விட்டுக் கழுவி, ஒற்றி உலர்த்தி, புண்ணைச் சுற்றியுள்ள தோலில் மட்டும் வேப்பெண்ணெய் தடவுங்கள். ஈ அண்டாது. கொசுவலையின் கீழ், பழைய காகிதம் விரித்த இடத்தில் வையுங்கள். அன்று மாலையும் மறுநாளும் திரும்பப் பார்க்க வேண்டும், ஒளிந்திருந்த புழு மேலே வந்திருக்கும். ஆழமான குழியாக இருந்தாலோ, கோழி இரை எடுக்காவிட்டாலோ மருத்துவரிடம் போக வேண்டும்.

மஞ்சள் தூளை அப்பி மூடுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. அது காய்ந்து பொருக்காகிவிடும், அடியில் சீழ் கோக்கும். குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி, பூண்டு, மஞ்சள் எல்லாம் போட்டுத் தேங்காயெண்ணெயில் காய்ச்சும் பக்குவம் மாட்டின் கோமாரிப் புண்ணுக்குச் சொல்வது. கோழியின் வெளித்தோல் காயத்துக்கு அதை மெல்லப் போடலாம். ஆசனவாய்க்குள் எதையும் திணிக்காதீர்கள். சிகிச்சை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கோழி எச்சத்திலிருந்து நமக்கு வயிற்றுப்போக்கு வரும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுத்திருந்தால் மருத்துவர் சொல்லும் நாள்வரை அந்த முட்டையைக் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. கோலிஸ்டின் என்ற மருந்தை உணவுக்கான கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் கொடுக்கக் கூடாது என்று மத்திய அரசு 2019இலேயே தடை செய்தது. மனிதருக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் மருந்து அது. இதெல்லாம் பெரிய பண்ணைக்காரர்களுக்குச் சொன்னது என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

சரி, மருத்துவரிடம் போ என்று சொல்வது சுலபம். ஒரு கால்நடை மருந்தகத்துக்குக் கோழியை எடுத்துக்கொண்டு போனபோது, "கோழிக்கெல்லாமா சீட்டு போடறது?" என்று சிரித்தார்கள். இடத்தைச் சொல்ல விருப்பமில்லை. ஊர்தோறும் இதே சிரிப்புதான் என்று மற்ற பெண்களும் சொல்கிறார்கள். 1962க்குக் கூப்பிட்டால் நடமாடும் ஊர்தி வரும் என்பது மாடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். கோழிக்காக அழைக்க யாருக்கும் வாய் வருவதில்லை. ஓசூர் மத்திகிரியில் கோழியினத்துக்கென்றே தனிக் கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகள் எங்கள் மகளிர் சுயஉதவிக்குழுக் கூட்டத்துக்கு வந்து, ஒரு கோழியைப் பிடித்து, வாலைத் தூக்கிக் காட்டினால் போதும். படம் போட்ட துண்டுச்சீட்டைவிட அது மனதில் நிற்கும்.

கால்நடைத் துறைக்குத் தங்கள் மூலமாக ஒரு வேண்டுகோள். தடுப்பூசி முகாமில் ஊசி போட்டதோடு அனுப்பிவிடாமல், பின்புறம் அழுக்காக இருக்கும் கோழிகளைத் தனியே நிறுத்தி, எது கழிச்சல், எது புண் என்று அங்கேயே பிரித்துச் சொல்லுங்கள். முகாமை விடிகாலையிலேயே தொடங்குங்கள். பத்து மணிக்கு வரச் சொன்னால், திறந்துவிட்ட கோழியை எந்தப் பெண்ணாலும் பிடித்துக்கொண்டு வர முடியாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்.