அக்டோபர் 9 மேடையில் அந்தச் சிறு கப்பலையும் ஏற்றுங்கள்

அமெரிக்காவில் லெய்ஃப் எரிக்சன் நாளைக் கொண்டாடும் நோர்டிக் பாரம்பரியச் சங்கத்தாருக்கு,

வணக்கம்.

சியாட்டிலில் ஷில்ஷோல் படகுத்துறையில் 1962 முதல் நிற்கும் லெய்ஃப் எரிக்சன் சிலையைப் பார்க்க, ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவை அழைத்துப் போனேன். கொலம்பஸுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே வட அமெரிக்கா வந்த நோர்டிக் கடலோடி அவர். அம்மா சிலையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார், அவ்வளவுதான். சுற்றிலும் நட்டிருக்கும் கற்களிடம் போய்விட்டார். "நம்ம ஊரு நடுகல் மாதிரி இருக்கே, யாருப்பா இவங்கல்லாம்?" என்று கேட்டார். நார்வே, ஐஸ்லாந்து போன்ற நோர்டிக் நாடுகளிலிருந்து கப்பலேறி வந்து குடியேறியவர்களின் பெயர்கள் என்றேன். ஒரு கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அந்தக் கற்களை வைத்தே உங்களிடம் ஒன்று கேட்கிறேன்.

1964இல் அமெரிக்க நாடாளுமன்றம் தீர்மானம் போட்டதிலிருந்து ஆண்டுதோறும் அக்டோபர் 9 லெய்ஃப் எரிக்சன் நாள். ஆனால் அவர் அந்தத் தேதியில் எங்கேயும் கரையிறங்கியதாகக் குறிப்பு கிடையாது. அது 1825இல் நார்வேக்காரர்களை ஏற்றிக்கொண்டு ரெஸ்டரேஷன் என்ற கப்பல் நியூயார்க் வந்து சேர்ந்த தேதி. நான் போன விழாக்களில் லெய்ஃபின் பெருமையை மணிக்கணக்கில் கேட்டிருக்கிறேன். இந்தக் கப்பலுக்குக் கிடைத்தது ஒரு வரி, சில சமயம் அதுவும் இல்லை.

அதன் கதை சின்னக் கதையா? 1825 ஜூலையில் நார்வேயின் ஸ்டவாங்கரிலிருந்து 52 பேர் கிளம்பினார்கள். அரசுத் திருச்சபைக்கு வெளியே, குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினராக நிம்மதியாக வழிபட முடியாதவர்கள் அவர்களில் பலர். கப்பலோ 40 டன்கூட இல்லாத ஒற்றைப் பாய்மரக் கப்பல். மூன்று மாதத்துக்கு மேல் அட்லாண்டிக்கில் கிடந்தார்கள். நடுவழியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. நியூயார்க்கில் இறங்கியபோது 53 பேர்.

அப்புறம் நடந்ததைத்தான் மேடையில் சொல்லச் சொல்கிறேன். ஐந்து டன்னுக்கு இரண்டு பயணிகள்தான் என்று 1819இல் அமெரிக்கா சட்டம் போட்டிருந்தது. அந்தக் கணக்கில் ரெஸ்டரேஷனில் 16 பேருக்கு மேல் வந்திருக்கக் கூடாது. அதிகாரிகள் அபராதம் விதித்தார்கள், கப்பலைப் பிடித்துவைத்தார்கள். கடைசியில் அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸ் மன்னிப்பு கொடுத்தார். வந்தவர்கள் பலர் ஒன்டாரியோ ஏரிக்கரையில் கெண்டல் என்ற இடத்தில் காடு வெட்டிப் பிழைக்கத் தொடங்கினார்கள். நார்வேயிலிருந்து கூட்டமாகக் கிளம்பி வந்த குடியேற்றம் தொடங்கியது சட்டம் அனுமதித்ததைவிட மூன்று மடங்கு ஆட்கள் ஏறிய கப்பலில்தான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எனக்கு இதுதான் உங்கள் வரலாற்றிலேயே பெருமையான பக்கமாகத் தெரிகிறது.

லெய்ஃபைக் குறைத்துச் சொல்லவில்லை. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவின் வடமுனையில் லான்ஸ் ஓ மெடோஸில் ஹெல்கே இங்ஸ்டாடும் அவர் மனைவி ஆன் ஸ்டீனும் 1960இல் அடையாளம் கண்ட இடத்தில் லெய்ஃப் காலத்து நோர்டிக் மக்களின் எட்டுப் புல்மண் வீடுகளின் தடயம் கிடைத்தது. அங்கே உலோகக் கத்தியால் வெட்டப்பட்ட மரத்துண்டுகள் 1021ஆம் ஆண்டைச் சேர்ந்தவை என்று ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். ஆனால் அதே இடத்தில் நூல் நூற்கும் தக்களியின் வில்லை ஒன்றும் கிடைத்ததே! கீழடியில் தக்களி கிடைத்த செய்தி கேட்டு மகிழ்ந்த எங்களுக்கு அதன் பொருள் உடனே புரியும். அங்கே பெண்கள் இருந்திருக்கிறார்கள், வீடு கட்டி வாழ வந்திருக்கிறார்கள். குட்ரிட் என்ற பெண், வின்லாந்து என்று அவர்கள் அழைத்த அந்த வட அமெரிக்கக் கரையில் ஸ்னோரி என்ற மகனைப் பெற்றார், முதிய வயதில் ரோம் வரை யாத்திரை போய்த் திரும்பினார் என்று ஐஸ்லாந்தின் பழங்கதைகள் சொல்கின்றன. அவர் பெயரையும் விழாவில் கேட்க ஆசை. அந்தக் கரையில் ஏற்கெனவே மக்கள் வாழ்ந்தார்கள் என்பதையும் அதே கதைகள் மறைக்காமல் சொல்கின்றன. நீங்களும் சொல்லுங்கள்.

இவனுக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று நினைக்கலாம். 1986 ஆகஸ்டில் அதே நியூஃபவுண்ட்லாந்தின் தென்கரைக்கு அப்பால், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 பேர் பனிமூட்டத்தில் மிதந்துகொண்டிருந்தார்கள். இலங்கைப் போரிலிருந்து தப்பி வந்த தமிழர்கள். அவர்களைக் கரை சேர்த்தவர்கள் உள்ளூர் மீனவர்கள். கனடா அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. நெரிசலான படகில் வந்தவர்களை உள்ளே விடலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு அந்த 155 பேரும் உங்கள் 53 பேரும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறார்கள். அந்தப் பேச்சில் உங்கள் குரலுக்கு 1825இன் எடை உண்டு.

சரி, கேட்பது இவ்வளவுதான். வரும் அக்டோபர் 9 அன்று லெய்ஃபுக்கு மாலை போட்ட கையோடு ரெஸ்டரேஷனின் கதையை முழுதாக, அந்த அபராதத்தையும் மன்னிப்பையும் விடாமல், உங்கள் பேரப்பிள்ளைகளில் ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள். அம்மா அப்போது இங்கே இருப்பார். முன்வரிசையில் உட்கார்ந்து கேட்க வருகிறோம்.

அன்புடன்,
சியாட்டிலிலிருந்து உங்கள் பக்கத்து வீட்டுத் தமிழன்