கையெழுத்துப் போடாத அறிக்கை

அன்புள்ள மாணிக்கம்,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடவில்லை. திட்டிக்கொள், ஆனால் மேலே படி. வீட்டில் எல்லாரும் நலம். என் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சு கேட்பதில்லை.

போன மாதம் எங்கள் ஆலையில் ஒரு டேங்க் நிரம்பி வழிந்தது. தீப்பிடிக்கவில்லை, யாருக்கும் காயமில்லை. விசாரணைக் குழுவில் என்னையும் போட்டார்கள். முதல் கூட்டத்திலேயே முடிவு தயார்: "ஆபரேட்டரின் கவனக்குறைவு." நம் கணேசன் கதைதான். எந்த மோட்டார் எரிந்தாலும் எரித்தவன் அவன்தானே!

இந்த ஆபரேட்டர் பையன் செய்த குற்றம், திரையில் காட்டிய லெவலை நம்பியது. கருவி பழுது. டேங்க் நிரம்பினால் அலற வேண்டிய மேல்மட்ட அலாரம் பைபாஸில், அதாவது தற்காலிகமாகச் செயலிழக்க வைத்த நிலையில், இருந்தது. ஷிப்ட் மாறும்போது அதை யாரும் அவனிடம் சொல்லவில்லை. 1988இல் பைப்பர் ஆல்ஃபா என்ற கடல் எண்ணெய் மேடையிலும் இப்படித்தான். ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பராமரிப்புக்குக் கழற்றியிருந்தார்கள். பர்மிட், அதான் அந்த வேலைக்கான அனுமதிச் சீட்டு, எழுதியும் இருந்தது. சேதி மட்டும் இரவு ஷிப்டுக்குப் போகவில்லை. அவர்கள் அதே பம்பை ஓட்டினார்கள். மேடை வெடித்து 167 பேர் உயிர் போனது.

கூட்டத்தில் இதைச் சொன்னேன். "நம்ம ஆலையில் காயக் கணக்கு ரொம்பக் குறைவு சார்" என்று பலகையைக் காட்டினார் பாதுகாப்பு அதிகாரி. எனக்கு வந்ததே கோபம்! 2005இல் அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நிர்வாகமும் அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் நிம்மதியாக இருந்தது. எண்ணெயைப் பிரிக்கும் கோபுரம் நிரம்பிக்கொண்டிருக்க, கருவி லெவல் இறங்குவதாகக் காட்டியது. ஆபரேட்டர்கள் 29 நாளோ அதற்கு மேலோ விடுப்பே இல்லாமல் தினம் 12 மணி நேரம் வேலை பார்த்தவர்கள். வெடித்து 15 பேர் செத்தார்கள். வழுக்கி விழுந்தவனை எண்ணுகிற பலகையில் வெடிக்கப்போகிற கோபுரம் எப்படித் தெரியும்? ஆள் குறைப்பும், தள்ளிப்போட்ட பராமரிப்பும் எந்தப் பலகையில் ஏறுகின்றன?

வீராப்பாகப் பேசிவிட்டு வந்து பைபாஸ் பதிவேட்டைப் புரட்டினேன். "மூன்று நாள் மட்டும்" என்று ஆரம்பித்தது, நான்கு முறை நீட்டிப்பு. மூன்றாவது கையெழுத்து என்னுடையது. போட்டதே நினைவில்லை, மாணிக்கம். உற்பத்தி அவசரம் என்று யாரோ தாளை என் முன் நீட்டியிருப்பார்கள், நின்றபடியே போட்டிருப்பேன்.

அதையும் அறிக்கையில் எழுதுங்கள் என்றேன். "எதுக்கு சார், ரிட்டயர் ஆகிற நேரத்துல?" என்கிறார்கள். இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அந்தப் பையன் காலையில் வணக்கம் வைக்கிறான், நான் கடிகாரத்தைப் பார்க்கிறேன்.

நீ பதினோரு வருஷம் ஷிப்ட் இன்சார்ஜாக இருந்தாயே, நீட்டிய பைபாஸ் தாள் ஒன்றையாவது திருப்பி அனுப்பியிருக்கிறாயா? பீற்றிக்கொள்ளாமல் எழுது.

உன்,
வேலு