தளத்தின் உயரம் மாறியபோது உயராத சுவர்கள்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. ஐந்து தள மருத்துவமனைக் கட்டடத்தின் வரைபடங்கள் முழுவதும் உன் பொறுப்புக்கு வந்திருப்பதை அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். கணினி வரைபடத்தில் இரண்டாம் தளத்தின் உயரத்தை 3,600 மில்லிமீட்டரிலிருந்து 3,900 ஆக மாற்றியவுடன் சில சுவர்கள் மட்டும் உயர்ந்து, மற்றவை 300 மில்லிமீட்டர் இடைவெளியுடன் நின்றுவிட்டன என்று நீ எழுதியதைப் படித்ததும், இதே சிக்கலில் நான் ஒரு வாரத்தை இழந்தது நினைவுக்கு வந்தது. அதனால்தான் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

உயர்ந்த சுவர்கள் தம் உச்சியை மேல் தளத்தோடு இணைத்துக்கொண்டவை. நின்றுவிட்ட சுவர்களுக்கு வரைந்தவர் உயரத்தை வெறும் எண்ணாகக் கொடுத்திருக்கிறார். கட்டடங்களை வரையும் மென்பொருள் ரெவிட்டானாலும் ஆர்க்கிகேட்டானாலும் இந்த வேறுபாடு உண்டு. நீ ரெவிட்டில் வேலை செய்வதால், சுவர்களுக்கு ஓர் அட்டவணை உருவாக்கி, மேல் வரம்பு, அதாவது சுவரின் உச்சி எங்கே முடிய வேண்டும் என்னும் அமைப்பு, எந்தத் தளத்தோடும் இணைக்கப்படாதவற்றை அதில் பிரித்துப் பார். அவற்றுள் கைப்பிடிச் சுவர்களையும் இடுப்பளவுத் தடுப்புகளையும் விட்டுவிட்டு, மற்றவற்றை மேல் தளத்தோடு இணைத்து, தளத்தின் கான்கிரீட் பலகையான ஸ்லாபின் கனம் 150 மில்லிமீட்டர் என்றால், சுவரின் உச்சி அந்தத் தளத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதைச் சொல்லும் மேல் விலக்கத்தில் கழித்தல் 150 என்று கொடுத்தால் சுவர் ஸ்லாபின் அடியில் சரியாக நிற்கும். தளத்தின் உயரம் இன்னும் இருமுறை மாறினாலும், அந்தச் சுவர்களை நீ மறுபடி தொட வேண்டியிராது. படிக்கட்டை மட்டும் தனியாகப் பார்த்துவிடு. 150 மில்லிமீட்டர் உயரமுள்ள 24 படிகள் இருந்த இடத்தில் இப்போது 26 படிகள் வேண்டும், அந்த இரண்டு படிகளுக்கான நீளம் படிக்கட்டு அறையில் இருக்கிறதா என்பது பெரிய கேள்வி.

நீ அனுப்பிய கோப்பில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது வேறொன்று. ஐந்து தளக் கட்டடத்துக்கு 11 மட்டங்கள், அதாவது உயரத்தைக் குறிக்கும் கிடைக்கோடுகள், இருக்கின்றன. தாழ்த்தப்பட்ட கழிப்பறை ஸ்லாபுக்கு ஒன்று, சன்னலின் மேல்விட்டத்துக்கு ஒன்று, பொய்க்கூரைக்கு ஒன்று என்று யாரோ கேட்கும்போதெல்லாம் சேர்த்திருக்கிறார்கள். மனிதர் நடந்து திரியும் தரைக்கு மட்டுமே மட்டம் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மற்றவையெல்லாம் அந்தத் தரையிலிருந்து இவ்வளவு மேலே, இவ்வளவு கீழே என்னும் விலக்கமாக இருந்தால் போதும். ஆனால் வேண்டாத மட்டத்தை அவசரப்பட்டு அழித்துவிடாதே. அதைச் சார்ந்து நிற்கும் பொருள்களும் அதன் வரைபடக் காட்சியும் சேர்ந்தே போய்விடும். ஆர்க்கிகேட்டிலும் ஒரு தளத்தை நீக்கினால் அதைத் தாயகமாக, அதாவது தாம் சேர்ந்த தளமாக, கொண்டவை அனைத்தும் நீங்கும். முதலில் கோப்பின் நகலைப் பத்திரப்படுத்து, பிறகு பொருள்களை ஒவ்வொன்றாகச் சரியான தளத்துக்கு மாற்று, மட்டம் வெறுமையான பின்பே அதை நீக்கு.

எந்த மட்டத்தைத் தளத்தின் மட்டமாகக் கொள்வது என்றும் கேட்டிருந்தாய். கான்கிரீட்டின் மேற்பரப்பா, டைல்ஸ் பதித்து முடித்த தரையா என்பதை முதல் நாளிலேயே கட்டமைப்புப் பொறியாளருடன் பேசி முடிவு செய்துவிடு. எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஒரு கட்டடத்தில் தரைத்தளத்தின் பூச்சும் டைல்ஸும் சேர்ந்து 100 மில்லிமீட்டர், படிகளிலும் மேல் தளங்களிலும் 50 மில்லிமீட்டர். நான் முடித்த தரையை நினைத்துக்கொண்டு கொடுத்த எண்களைப் பொறியாளர் கான்கிரீட்டின் மட்டமாக எடுத்துக்கொண்டார். எல்லாப் படிகளும் 150 மில்லிமீட்டராக வார்க்கப்பட்டன. டைல்ஸ் பதித்த பிறகு முதல் படி மட்டும் 100 மில்லிமீட்டராகக் குறைந்துபோயிற்று. கால் ஓர் அளவுக்குப் பழகிய படிக்கட்டில் ஒரு படி மாறினாலும் இறங்குபவர் தடுமாறுவார். நோயாளிகள் ஏறி இறங்கும் உன் கட்டடத்தில் அப்படி ஒன்று நேரவே கூடாது என்பதால்தான் இதை இத்தனை அழுத்திச் சொல்கிறேன்.

தூண்களைத் தரையிலிருந்து மொட்டை மாடி வரை ஒரே துண்டாக வைத்திருக்கிறாய். கான்கிரீட் தளந்தோறும்தான் வார்க்கப்படுகிறது. ஆகவே தூணையும் தளந்தோறும் பிரித்துவிட்டால் ஒவ்வொரு தளத்தின் கான்கிரீட் அளவும் அட்டவணையில் தானாக வந்துவிடும். முகப்பின் கண்ணாடிச் சுவரைப் பிரிக்க வேண்டாம்.

என் பக்கத்துச் செய்தியும் தளங்களைப் பற்றியதுதான். சரிவான நிலத்தில் ஒரு வீட்டை வடிவமைத்துக்கொண்டிருக்கிறேன். பாதி வீடு மற்றப் பாதியைவிட 1,500 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கிறது. தரையிலிருந்து எந்த உயரத்தில் கட்டடத்தை வெட்டிப் பார்ப்பதுபோல் வரைபடம் காட்டுகிறதோ அந்த வெட்டு உயரம் 1,200 என்றிருப்பதால் மேல் பாதி கீழ்த்தள வரைபடத்தில் தெரியவே இல்லை. அங்கேயும் அறைகள் இருப்பதால் அதற்குத் தனி மட்டம் கொடுத்தேன். ஒரே தாளில் இரு பாதியும் தெரிய வேண்டும் என்பதற்காக, அந்தப் பகுதிக்கு மட்டும் வெட்டு உயரத்தை மாற்றும் எல்லையை வரைந்தேன். வெவ்வேறு மென்பொருள்களுக்கிடையே கட்டட மாதிரியைப் பரிமாற உதவும் பொது வடிவமான ஐ.எஃப்.சி. கோப்பில் அது தனி மாடியாக எண்ணப்படாதபடி, அந்த மட்டத்தில் 'கட்டடத் தளம்' என்னும் தேர்வுக்குறியையும் எடுத்துவிட்டேன். உன் கோப்பையும் பொறியாளருக்கு ஐ.எஃப்.சி. வடிவில்தான் அனுப்பப் போகிறாய் என்றால், அந்தக் குறி ஐந்து தளங்களிலும் மொட்டை மாடியிலும் மட்டும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்.

மட்டங்களைச் சீர்செய்த பிறகு படிக்கட்டு வழியாக ஒரு வெட்டுத்தோற்றம் எடுத்து எனக்கு அனுப்பு. 26 படிகளும் அந்த அறைக்குள் அடங்குகின்றனவா என்று நானும் ஒருமுறை எண்ணிப் பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்