சீமாட்டிகள் மட்டும்தான் ஓட்டுக் கேட்டார்களா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழில் இங்கிலாந்துப் பெண்கள் ஓட்டுரிமை வாங்கிய கதையைப் படித்தேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஒரு இடம் உறுத்தியது. முதல் உலகப் போருக்கு ஆண்கள் போனதும் பெண்கள் வேலைக்கு வந்தார்களாம், அதற்குக் கைமாறாக 1918இல் ஓட்டுக் கொடுத்தார்களாம். அப்படியானால் விக்டோரியா காலம் முழுக்க வடமேற்கு இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைகளில் தறி ஓட்டியது யார்? அங்கேயே விகன் ஊர்ச் சுரங்க வாசலில் நிலக்கரியில் கல் பொறுக்கியது யார்? பணக்கார வீடுகளில் பாத்திரம் துலக்கியவர்களை நான் இன்னும் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

லில்லி மேக்ஸ்வெல்லை ஏன் விட்டீர்கள்? மான்செஸ்டரில் சின்னக் கடை வைத்திருந்த அம்மா, தன் பெயரில் வரி கட்டியவர். 1867இல் வாக்காளர் பட்டியலில் அவர் பெயர் தவறுதலாக ஏறிவிட்டது. அந்த நவம்பரில் இடைத்தேர்தல் வரவே, ஓட்டுரிமைக்காகப் பாடுபட்டுக்கொண்டிருந்த லிடியா பெக்கர் அவரைக் கையோடு வாக்குச்சாவடிக்குக் கூட்டிப்போனார். ரகசிய ஓட்டெல்லாம் 1872இல்தான் வந்தது, அதற்கு முன்னால் எல்லார் எதிரிலும் வேட்பாளர் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மேக்ஸ்வெல் ஜேக்கப் பிரைட்டின் பெயரைச் சொன்னார், கூட்டம் கைதட்டி ஆரவாரம் செய்தது. அடுத்த வருஷமே மான்செஸ்டரில் ஆயிரக்கணக்கான பெண்கள், நாங்களும்தான் வரி கட்டுகிறோம், எங்களையும் சேருங்கள் என்று மனுப் போட, விஷயம் நீதிமன்றம் வரைக்கும் போயிற்று. சட்டத்தில் ஆண்பாலில் எழுதியிருந்தால் பெண்ணும் அதில் அடக்கம் என்று 1850லேயே ஒரு சட்டம் இருக்கிறது. அது ஓட்டுக்குப் பொருந்தாது என்று சொல்லிவிட்டார்கள் நீதிபதிகள். வரிக்கு மட்டும் பொருந்தியது, பாருங்கள்!

இதுவும் கல்யாணமாகாதவர்களும் விதவைகளும் போட்ட சண்டைதான். புருஷன் இருக்கிறவள் 1870 வரைக்கும் சம்பாதித்த கூலியே சட்டப்படி அவனுடையது, அப்புறம் அவள் பெயரில் எங்கே வரி, எங்கே ஓட்டு?

கட்டுரையில் அன்னி பெசன்ட்டுக்கு ஒரே ஒரு வரி. நமக்கு அடையாறு பெசன்ட்தான் தெரியும். 1888இல் அவர் லண்டனில் பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தார். பௌ பகுதியில் இருந்த பிரையன்ட் அண்ட் மே தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களைப் பார்த்துப் பேசி, கால் அழுக்காக இருந்தால் அபராதம், பேசினால் அபராதம் என்று எல்லாவற்றையும் எழுதிவிட்டார். பாஸ்பரஸ் புகையில் தாடை எலும்பே அழுகிப்போகும் வேலை அது. ஜூலையில் சுமார் 1,400 பேர் வெளிநடப்புச் செய்தார்கள், அபராதங்களை ரத்து செய்ய வைத்தார்கள், சங்கமும் தொடங்கினார்கள். பெசன்ட் எழுதியதில் எனக்கு மறக்கவே முடியாதது இது: பிரதமராக இருந்த கிளாட்ஸ்டனுக்கு அங்கே சிலை வைக்க, முதலாளி அந்தப் பெண்களின் கூலியிலேயே ஆளுக்கு ஒரு ஷில்லிங் பிடித்தாராம். அந்தக் கிளாட்ஸ்டன்தான் 1884இல் பண்ணைக் கூலி ஆண்கள்வரை ஓட்டுக் கொடுத்துவிட்டு, பெண்களையும் சேர்க்கலாம் என்று வந்த திருத்தத்தை எதிர்த்தவர். (அதே பெசன்ட் தலைவராக இருந்து 1917இல் அடையாறில் தொடங்கிய இந்திய மாதர் சங்கம் இங்கே ஓட்டுக் கேட்டது. 1921இல், இந்திய மாகாணங்களிலேயே முதலாவதாக, சென்னை மாகாணம் கொடுத்தது. அதுவும் சொத்துத் தகுதி உள்ளவர்களுக்குத்தான்.)

இன்னொன்று. 1900 மே தினத்தில் லங்காஷயர் ஆலைப் பெண்கள் ஓட்டுக் கேட்டுக் கையெழுத்து வாங்க ஆரம்பித்தார்கள். ஆலை வாசலிலும் வீட்டுக் கதவுகளிலும் நின்று 29,359 கையெழுத்து வாங்கி, அடுத்த வருஷம் அவர்களில் 15 பேரே நாடாளுமன்றத்துக்கு எடுத்துப் போனார்கள். விக்டோரியா ராணி இறந்து ஒன்றிரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த ராணியோ பெண்ணுரிமை என்பதே பைத்தியக்காரத்தனம், பாவம் என்று திட்டிக் கடிதம் எழுதியவர்! 1902இல் நெசவாளர் சங்கத்து டேவிட் ஷாக்கிள்டன் கிளிதரோ தொகுதியில் எம்.பி. ஆனார். அவர் செலவுக்குச் சந்தா கொடுத்த சங்கத்தில் பெண்கள்தான் அதிகம், அவருக்கு ஓட்டுப் போட அவர்களில் ஒருத்திக்கும் வழியில்லை.

தொடரும் என்று போட்டிருக்கிறீர்கள், அதனால் ஒரு வேண்டுகோள். இந்த முறை வந்த படமெல்லாம் பெரிய தொப்பி வைத்த சீமாட்டிகள். அடுத்ததில் விகன் சுரங்க வாசல் பெண்கள் படம் ஒன்றாவது போடுங்கள். ஆர்தர் மன்பி என்ற கனவான் அந்தப் படங்களைத் தேடித் தேடிச் சேர்த்து வைத்திருக்கிறார், கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் இருக்கின்றன. அவர்கள் கால்சட்டை போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து முகம் சுளித்தவர்களும் சேர்ந்துகொண்டுதான் அந்த வேலைக்கே தடை கொண்டுவரப் பார்த்தார்கள். 1887இல் அந்தப் பெண்கள் லண்டனுக்கே போய் உள்துறை அமைச்சரைப் பார்த்துப் பேசினார்கள், தடை வரவில்லை. ஓட்டு இல்லாமலேதான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திண்டுக்கல்